மூன்று வண்ணங்கள் போதும்

(இளம் அறிவியல் மூன்றாமாண்டு, இயற்பியல் துறை மாணவி)

நாம் வாழும் பகுதிக்கு வண்ணத்தில் குறைவில்லை. பனிக்காலத்தில் பழவேற்காட்டு ஏரியில் வந்திறங்கும் பூநாரைகளின் இளஞ்சிவப்பு, செங்கற் சூளைகளின் செம்மை, கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் இரும்பாலைகளைச் சுற்றிப் படிந்து கிடக்கும் துருவின் பழுப்பு, பொன்னேரி வயல்களில் நாற்றின் பசுமை ஆகிய அனைத்தும் நம் வட்டாரத்துக்குள்ளேயே கண்ணிற் படுகின்றன. ஆயினும் இப்பகுதிச் சிறுவர் ஒருவரிடம் தாளைக் கொடுத்து, “உன் ஊரை வரை” என்று சொல்லிப் பாருங்கள். இரண்டு முக்கோண மலைகள், அவற்றின் நடுவே மஞ்சள் சூரியன், கீழே ஒரு நீல ஆறு, கரையில் பச்சைத் தென்னை! கண்ணுக்கெட்டிய தொலைவு வரை மலையே இல்லாத கடற்கரைச் சமவெளியில் பிறந்த குழந்தை மலையை வரைகிறது. தான் தினமும் காணும் துருவின் பழுப்பையும் சூளையின் செம்மையையும் விட்டுவிடுகிறது.

இது குழந்தையின் கண்ணில் உள்ள குறை அன்று. இலைக்கு ஒரு பச்சை, வானுக்கு ஒரு நீலம், மனிதனுக்கு ஒரு ‘தோல் நிறம்’ என்று பெயர் ஒட்டிய பன்னிரண்டு வண்ணக் குச்சிகளை நாம் அதன் கையில் கொடுத்துவிடுகிறோம். பெட்டியில் இல்லாத நிறம் உலகிலும் இல்லை என்று அது எண்ணிக்கொள்கிறது. பெட்டியே வாங்க இயலாத குழந்தையோ வண்ணம் தனக்குரியது அன்று என்று ஒதுங்கிவிடுகிறது. இந்த இரு குழந்தைகளுக்கும் ஒரே மருந்துதான் உண்டு. சிவப்பு, மஞ்சள், நீலம் என்ற மூன்று வண்ணங்களையும் சிறிது வெள்ளையையும் கொடுத்து, மற்றவற்றைத் தாமே கலந்து ஆக்கிக்கொள்ளக் கற்பிக்க வேண்டும். இதுவே இக்கட்டுரையில் நான் சொல்ல விழைவது.

பெயர் வேறு, நிறம் வேறு

கடந்த ஆண்டு நம் நாட்டு நலப்பணித் திட்டத்தின் ஏழு நாள் சிறப்பு முகாம் கும்மிடிப்பூண்டிக்கு அருகே ஒரு சிற்றூரில் நடைபெற்றது. பகலில் குளம் சீரமைப்பும் மரம் நடுதலும் நடந்தன. மாலையில் குழந்தைகளுக்கு வகுப்பு எடுக்கும் பொறுப்பு எனக்கும் என் தோழியர் இருவருக்கும் வந்தது. ஏறத்தாழ முப்பது குழந்தைகள் கூடினர். சிலர் வீட்டில் தெலுங்கு பேசுபவர்கள். சிலர் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் ஆலை வேலைக்கு வந்த பெற்றோரின் பிள்ளைகள். எல்லோருக்கும் பொதுவான மொழி ஒன்று வேண்டியிருந்ததால் வண்ணத்தைத் தேர்ந்தோம்.

முதல் நாளே ஒரு வேடிக்கை நிகழ்ந்தது. தெலுங்கு பேசும் சிறுமி ஒருத்தி மஞ்சளைச் சுட்டி, “பச்ச” என்றாள். மற்றவர்கள் கொல்லென்று சிரித்தார்கள். அவள் சொன்னதில் பிழை ஏதும் இல்லை. தெலுங்கில் ‘பச்ச’ என்ற சொல் மஞ்சளையும் குறிக்கும், பச்சையையும் குறிக்கும். அதனாலேயே இலையின் நிறத்தை அவர்கள் ‘ஆகுபச்ச’ என்று தெளிவுபடுத்துவர். நம் தமிழ் மட்டும் என்ன? மஞ்சள் ஒளி வீசும் பொன்னை நாம் ‘பசும்பொன்’ என்கிறோம். பிரிவால் மேனி வெளிறி மஞ்சளாவதைப் ‘பசலை’ என்கிறோம். பசுமை என்ற வேர் இரு நிறங்களிலும் ஓடுகிறது. வானவில்லில் நிறங்கள் இடைவெளியின்றி ஒன்றிலிருந்து ஒன்றாக மாறிச் செல்கின்றன. அவற்றுக்கு இடையே வேலி போடுபவை நம் மொழிகளே. ஆகவே அன்று முதல் நிறத்தின் பெயரைக் கேட்பதை விடுத்து, நிறத்தை ஆக்கிக் காட்டும்படி கேட்பதென்று முடிவு செய்தோம்.

மூன்று மூடிகளில் தொடக்கம்

தேவைப்பட்ட பொருள்கள் மிகச் சில. மாணவருக்கென விற்கும் போஸ்டர் வண்ணத்தில் சிவப்பு, மஞ்சள், நீலம், வெள்ளை என நான்கு குப்பிகள்; வண்ணம் ஊற்றிக்கொள்ளப் பாட்டில் மூடிகள்; தண்ணீருக்குக் கொட்டாங்கச்சி; பிரஷ்ஷுக்குப் பதிலாக நுனியில் பஞ்சு சுற்றிய ஈர்க்குச்சி; துடைக்கப் பழைய துணி. கறுப்பு வண்ணத்தை வேண்டுமென்றே கொண்டு செல்லவில்லை. அதன் காரணம் பின்னர் விளங்கும்.

கலப்பதற்கு மூன்று விதிகளை மட்டும் சொன்னோம். முதலாவது, வெளிர்ந்த வண்ணத்தில்தான் அடர்ந்த வண்ணத்தைச் சேர்க்க வேண்டும். மாற்றிச் செய்தால் வண்ணம் வீணாகும். மஞ்சளில் துளி நீலம் இட்டால் உடனே பச்சையாகும். நீலத்தில் துளி மஞ்சள் இட்டாலோ மாற்றமே தெரியாது. இரண்டாவது, சேர்ப்பது குச்சி நுனியளவாகவே இருக்க வேண்டும். மூன்றாவது, ஒவ்வொரு முறையும் குச்சியைக் கழுவித் துடைத்த பின்னரே அடுத்த வண்ணத்தைத் தொட வேண்டும். இம்மூன்றையும் கடைப்பிடித்த குழந்தை அரை மணி நேரத்தில் இளந்தளிர்ப் பச்சையிலிருந்து முற்றிய இலைப் பச்சை வரை ஏழெட்டுப் பச்சைகளைத் தாளில் வரிசையாக இட்டுவிட்டது. பெட்டியில் ஒரே பச்சையை மட்டும் கண்ட கண்களுக்கு அது பெரிய வியப்பு.

அப்போது ஒரு சிறுவன் எழுந்து கேட்ட கேள்வி எங்கள் மூவரையும் மடக்கிவிட்டது. “அக்கா, மஞ்சத்தூள்ல சுண்ணாம்பு போட்டா சேப்பாவுதே? சுண்ணாம்பு வெள்ளதான? மஞ்சளும் வெள்ளையும் சேந்தா எப்புடி சேப்பு வரும்?”

ஆரத்தித் தட்டைக் கண்ட எந்தக் குழந்தைக்கும் எழக்கூடிய கேள்விதான் இது. விடையையும் சோதனையாகவே காட்டினோம். மஞ்சள்தூளைக் கரைத்துச் சுண்ணாம்பு இட்டோம், சிவந்தது. அதில் எலுமிச்சைச் சாற்றைப் பிழிந்தோம்; மீண்டும் மஞ்சளாயிற்று. பிறகு மஞ்சள் வண்ணமும் நீல வண்ணமும் கலந்து ஆக்கிய பச்சையில் எலுமிச்சையைப் பிழிந்தோம். பச்சை பச்சையாகவே இருந்தது. முதலாவது வேதி மாற்றம். மஞ்சளில் உள்ள குர்குமின் என்ற பொருள் சுண்ணாம்பின் காரத்தால் நிறம் மாறுகிறது. புளிப்பு அதைப் பழைய நிறத்துக்குத் திருப்புகிறது. இரண்டாவது வெறும் கலப்பு. அதில் மஞ்சள் துகளும் நீலத் துகளும் மாறாமல் அருகருகே கிடக்கின்றன. வெற்றிலையும் பாக்கும் சுண்ணாம்பும் சேர்ந்து வாய் சிவப்பது எந்த வகை என்று கேட்டோம். “மொதல் வகை!” என்று பல குரல்கள் ஒன்றாக எழுந்தன.

ஏன் பச்சை வருகிறது?

மஞ்சளும் நீலமும் சேர்ந்தால் பச்சை என்று சொல்லிவிடுவது எளிது. ஏன் என்பதைச் சொல்லும்போதுதான் அது பாடமாகிறது.

நியூட்டன் 1666-ஆம் ஆண்டளவில் பட்டகத்தின் வழியே கதிரவன் ஒளியைச் செலுத்தி, வெள்ளொளிக்குள் எல்லா நிறங்களும் அடங்கியுள்ளன எனக் கண்டார். அந்த ஆய்வுகளை 1704-இல் தம் ‘ஒளியியல்’ நூலில் விரித்துரைத்தார். வண்ணப் பூச்சு என்பது அந்த வெள்ளொளியில் ஒரு பகுதியை விழுங்கி மீதியைத் திருப்பி அனுப்பும் பொருள். மஞ்சள் பூச்சு ஊதாவையும் நீலத்தையும் விழுங்கிவிட்டுச் சிவப்பு, மஞ்சள், பச்சை ஆகியவற்றைத் திருப்பி அனுப்புகிறது. நீலப் பூச்சு சிவப்பையும் மஞ்சளையும் விழுங்கிவிட்டு நீலத்தையும் ஓரளவு பச்சையையும் அனுப்புகிறது. இரண்டும் கலந்தால் இரண்டுமே விழுங்காமல் விட்டுவைப்பது பச்சை ஒன்றுதான். மூன்றாவதாகச் சிவப்பையும் சேர்த்தால் அந்தப் பச்சையும் விழுங்கப்பட்டு மங்கிய பழுப்பே மிஞ்சும். சுருங்கச் சொன்னால், பூச்சு சேரச் சேர ஒளி குறையும்.

ஒளியோடு ஒளியைச் சேர்த்தால் கதை தலைகீழாகிறது. கைப்பேசித் திரையில் ஒரு சிறு நீர்த்துளியை வைத்து உற்று நோக்குங்கள். துளி உருப்பெருக்கியாகி, சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூவகைப் புள்ளிகளை மட்டும் காட்டும். சிவப்பு ஒளியும் பச்சை ஒளியும் சேர்ந்தால் மஞ்சள்; மூன்றும் சேர்ந்தால் வெண்மை. நம் கண்ணிலும் மூவகை நிறமுணர் செல்களே உள்ளன. கண்ணுக்கு மூன்று உணர்விகள் போதும் என்ற கருத்தைத் தாமஸ் யங் 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே வெளியிட்டார். வண்ணத்தில் மூன்று என்ற எண் திரும்பத் திரும்ப வருவதற்கு நம் கண்ணின் அமைப்பே காரணம்.

எல்லா நிறமும் பூச்சால் வருவதும் அன்று. உள்ளங்கையில் அள்ளினால் நிறமற்ற நீர், கடலாக விரிந்தால் நீலமாகத் தோன்றுகிறது. 1921-இல் ஐரோப்பாவிலிருந்து கப்பலில் திரும்பிய சர் சி. வி. இராமன் இதைப் பற்றியே சிந்தித்து, கடலின் நீலம் வானத்தின் பிரதிபலிப்பு மட்டும் அன்று எனக் காட்டினார். ஒளிச்சிதறல் பற்றி அவ்வாறு தொடங்கிய ஆய்வுகளே 1928-இல் இராமன் விளைவுக்கும் 1930-இல் நோபல் பரிசுக்கும் இட்டுச் சென்றன. முதுமையில் அவர் மலர்களின் நிறத்தையும் கண்ணின் பார்வையையும் ஆராய்ந்து 1968-இல் நூலாக வெளியிட்டார். பழவேற்காட்டுக் கரையில் நின்று ஒரு குழந்தை “கடல் ஏன் நீலம்?” என்று கேட்டால், அதைச் சிறுபிள்ளைத்தனம் என்று தள்ளிவிட நமக்கு உரிமை இல்லை.

எந்தச் சிவப்பு? எந்த நீலம்?

சிவப்பும் நீலமும் சேர்ந்தால் ஊதா என்று பாடநூல் சொல்லும். கலந்து பார்த்த குழந்தைக்குப் பலமுறை கிடைப்பதோ சேற்று நிறம். குழந்தை தன் கையை நொந்துகொள்ளும். பிழை கையில் இல்லை, சிவப்பில் இருக்கிறது. குங்குமச் சிவப்பில் மஞ்சளின் சாயல் மறைந்திருக்கிறது. அதை நீலத்தோடு சேர்த்தால் மூன்று வண்ணங்களையும் சேர்த்ததற்கு ஒப்பாகிப் பழுப்பு தட்டும். ரோஜா நிறத்தின் சாயல் கொண்ட ‘கிரிம்சன்’ சிவப்பை எடுத்தால் தெளிந்த ஊதா கிடைக்கும். அவ்வாறே நீலத்திலும் இரண்டு உண்டு. பச்சைச் சாயல் கொண்ட ‘பிரஷ்யன்’ நீலம் எலுமிச்சை மஞ்சளோடு சேர்ந்து பளிச்சென்ற பச்சையைத் தரும். செம்மைச் சாயல் கொண்ட ‘அல்ட்ராமரைன்’ நீலம் மங்கிய பச்சையையே தரும். ஆனால் ஊதாவுக்கு அதுவே ஏற்றது.

அச்சகத்தார் இந்த உண்மையை நன்கறிவர். ஜேக்கப் கிறிஸ்டோஃப் லெ பிளான் என்பவர் 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சிவப்பு, மஞ்சள், நீலம் ஆகிய மூன்று தகடுகளைக் கொண்டு பலவண்ணப் படங்களை அச்சிட்டார். இன்று அச்சில் ‘மஜந்தா’ என்ற ரோஜாச் சிவப்பும், ‘சயான்’ என்ற பச்சைச் சாயல் நீலமும், மஞ்சளும், அவற்றோடு கறுப்பும் பயன்படுகின்றன. சிவகாசியில் அச்சான நாட்காட்டிப் படத்தை உருப்பெருக்கியின் கீழ் வைத்தால், முருகனின் மயிலும் மலரும் இந்த நால்வகைப் புள்ளிகளாகவே பிரிந்து தெரியும். குழந்தைகள் இதைக் கண்டபோது ஒருவர் கையிலிருந்து மற்றவர் பிடுங்காத குறைதான்!

நிறத்தைப் பற்றிப் பேசவும் குழந்தைகளுக்குச் சொற்கள் வேண்டும். அமெரிக்க ஓவிய ஆசிரியர் ஆல்பர்ட் மன்செல் 1905-இல் வெளியிட்ட நூலில் எந்த நிறத்தையும் மூன்று அளவுகளால் குறிக்கலாம் என்றார். அவற்றை நாங்கள் மூன்று கேள்விகளாக்கிக்கொண்டோம். எந்த நிறம்? எவ்வளவு வெளிர்? எவ்வளவு தெளிவு? இந்தக் கேள்விகளைக் கற்ற பின் குழந்தைகள் ‘நல்லா இல்ல’ என்று சொல்வதை விட்டு, ‘இன்னும் வெளிரணும்’, ‘ரொம்பப் பளிச்சுன்னு இருக்கு’ என்று சொல்லத் தொடங்கினர்.

பழவேற்காட்டுத் துணி சொல்லும் பாடம்

இந்த அறிவு மேனாட்டிலிருந்துதான் நமக்கு வந்தது என்று எண்ண வேண்டியதில்லை. டச்சுக்காரர்கள் 1613-இல் பழவேற்காட்டில் கெல்ட்ரியா கோட்டையைக் கட்டியதற்கு முதன்மையான காரணம் இக்கரையின் துணி வாணிகம். இங்கிருந்து சென்ற கட்டம் போட்ட துணி தென்கிழக்காசியத் தீவுகளில் நறுமணப் பொருள்களுக்கு ஈடாக விலைபோயிற்று. மலாய் மொழியில் கட்டம் போட்ட கைலிக்கு இன்றும் ‘கைன் பெலிக்காட்’ என்று பெயர். ‘பெலிக்காட்’ என்பது புலிக்காட் என வழங்கும் நம் பழவேற்காடே!

அத்துணிகளின் செம்மை கடற்கரை மணலில் வளரும் இம்பூறல் என்ற சாயவேரிலிருந்து படிகாரத்தின் துணையோடு எடுக்கப்பட்டது. நீலத்துக்கு அவுரி. மஞ்சளுக்குக் கடுக்காய் போன்றவை. நமக்கு வடக்கே உள்ள காளத்தியின் கலம்காரி ஓவியர்கள் பச்சை வேண்டுமானால் நீலத்தின்மேல் மஞ்சளை ஏற்றுவர். கறுப்புக்கு, துருப்பிடித்த இரும்பை வெல்ல நீரில் ஊறவைத்துப் புளிக்க விட்டு, கடுக்காய் ஏற்றிய துணியில் தீட்டுவர். மூன்று வண்ணங்களைக் கொண்டு உலகத்தையே வரைந்த மரபு நம் வட்டாரத்தின் வாசலிலேயே இருக்கிறது.

கட்டம் போட்ட கைலி மற்றொரு பாடத்தையும் தந்தது. முகாமில் ஒரு முதியவர் உடுத்தியிருந்த கைலியில் சிவப்புப் பாவும் நீல ஊடையும் குறுக்கிட்ட இடம் தொலைவில் ஊதாவாகத் தெரிந்தது. அருகே சென்று பார்த்த குழந்தைகள் அங்கே ஊதா நூலே இல்லை என்று கண்டனர். வண்ணம் அங்கே துணியில் கலக்கவில்லை, பார்ப்பவர் கண்ணில் கலந்தது.

அண்டை நிறத்தின் செல்வாக்கு

பிரெஞ்சு நாட்டின் புகழ்பெற்ற கோபெலின் நெசவுச் சாலையில் சாயப் பகுதிக்குத் தலைமை தாங்கிய வேதியியலறிஞர் செவ்ரூலிடம், கறுப்புச் சாயம் மங்கலாக இருக்கிறது என்று முறையிட்டனர். ஆராய்ந்து பார்த்தபோது சாயத்தில் குறையில்லை. கறுப்பு நூலுக்கு அருகே இருந்த நீல, ஊதா நூல்களே அதை மங்கலாகக் காட்டின. 1839-இல் அவர் வெளியிட்ட பெருநூல் இந்த உண்மையை விரித்துரைத்தது. ஒரே சாம்பல் நிறத் தாளை இரண்டாகக் கிழித்து, ஒன்றைச் சிவப்பின் மேலும் மற்றதைப் பச்சையின் மேலும் வையுங்கள். இரண்டும் வெவ்வேறு சாம்பலாகத் தோன்றும்.

குழந்தைகளுக்கு மிகவும் பிடித்த சோதனையும் இதைச் சார்ந்ததே. சிவப்பு வட்டத்தை அரை நிமிடம் இமைக்காமல் நோக்கிவிட்டு வெள்ளைச் சுவரைப் பார்த்தால், அங்கே நீலம் கலந்த பச்சை வட்டம் மிதக்கும். சிவப்பை உணரும் செல்கள் களைத்துவிட, மற்றவை மேலோங்குகின்றன. எந்த நிறம் எதற்கு எதிர் நிறம் என்பதை இவ்வாறு கண்ணே சொல்லிவிடுகிறது. சிவப்புக்குப் பச்சை, மஞ்சளுக்கு ஊதா, நீலத்துக்குச் செம்மஞ்சள். எதிர் நிறங்களை அருகருகே வைத்தால் இரண்டும் ஒளிரும். ஒன்றோடொன்று கலந்தால் இரண்டும் அடங்கிப் பழுப்பும் சாம்பலுமாகும். துருவின் பழுப்பும் சூளைப் புகையின் சாம்பலும் இப்படித்தான் குழந்தைகளின் தாளில் முதன்முதலாக வந்து சேர்ந்தன.

தோலின் நிறம்

ஆறாம் நாள் பாடத்தையே நான் எல்லாவற்றிலும் பெரிதாகக் கருதுகிறேன். வண்ணக் குச்சிப் பெட்டிகளில் வெளிறிய இளஞ்சிவப்புக் குச்சி ஒன்றுக்குத் ‘தோல் நிறம்’ என்று பெயரிடும் வழக்கம் நெடுங்காலம் இருந்தது. அமெரிக்காவில் கிரயோலா நிறுவனம் 1962-இலேயே அந்தப் பெயரைக் கைவிட்டு ‘பீச் பழ நிறம்’ என மாற்றிவிட்டது. நம் ஊர்ப் பிள்ளைகளின் பேச்சில் அந்தக் குச்சி இன்றும் தோல் நிறம்தான். யாருடைய தோல்? வகுப்பில் இருந்த முப்பது பேரில் ஒருவருடையதும் அன்று!

அன்று ஒவ்வொரு குழந்தையும் தன் புறங்கையைத் தாளின் அருகே வைத்துக்கொண்டு, அதே நிறத்தைக் கலந்து ஆக்க வேண்டும் என்றோம். மஞ்சள் இரண்டு பங்கு, சிவப்பு ஒரு பங்கு சேர்த்தால் செம்மஞ்சள் வரும். அதில் நீலத்தைக் குச்சி நுனியால் சிறிது சிறிதாகச் சேர்த்தால் பழுப்பு பிறக்கும். வெளிர வேண்டுமானால் வெள்ளை. அடர வேண்டுமானால் இன்னும் சிவப்பும் நீலமும். கறுப்பு வண்ணத்தை நாங்கள் கொண்டு செல்லாததன் காரணம் இதுதான். மஞ்சளில் கறுப்பு சேர்ந்தால் பாசி படிந்த பச்சையாகும். அது எந்த மனிதரின் தோலும் அன்று.

ஒரு மணி நேரத்தில் முப்பது தாள்களில் முப்பது நிறங்கள். எவரும் வெறும் கறுப்பு இல்லை. எவரும் வெறும் வெள்ளையும் இல்லை. எல்லோருக்கும் அதே மூன்று வண்ணங்கள் தேவைப்பட்டன. அளவு மட்டுமே வேறுபட்டது. ‘கறுப்பி’ என்று மற்றவர் கேலி செய்துவந்த சிறுமி தன் மூடியைக் காட்டி, “எனக்குத்தான் மூணு கலரும் நெறய செலவாச்சு” என்று சொன்னபோது அதில் வருத்தம் இல்லை; ஒரு பெருமிதமே இருந்தது. அவள் சொன்னதற்கு அறிவியலும் துணை நிற்கிறது. மெலனின் என்ற நிறமி எல்லா மனிதரின் தோலிலும் உண்டு. அளவிலும் வகையிலும் உள்ள வேறுபாடே நிற வேறுபாடு.

தமிழிலக்கியம் பயில்வோருக்கு ஒன்றை நினைவூட்ட விரும்புகிறேன். சங்கப் பாடல்களில் தலைவியின் இயற்கை நிறத்துக்குப் பெயர் மாமை. மாந்தளிரின் நிறம் என்று அதற்கு உரை கூறுவர். அந்நிறம் போய் மேனி வெளிறி மஞ்சளாவதைத்தான் பசலை என்று நோயாகக் கருதினர். அதற்குப் பீர்க்கம்பூவை உவமை கூறினர். மேனி வெளுப்பதை நோயாகக் கண்ட மரபில் வந்தவர்கள் வெளுப்பதற்குப் பசை வாங்கிப் பூசிக்கொள்கிறோம்! இதை ஆயிரம் மேடைகளில் பேசித் திருத்துவதைவிட, ஒரு குழந்தை தன் நிறத்தைத் தானே கலந்து ஆக்கும் ஒரு மாலைப் பொழுது அதிகம் திருத்தும் என்பது என் நம்பிக்கை.

இரண்டு எச்சரிக்கைகள்

நம் பகுதியில் வண்ணம் கற்பிப்போர் இரண்டில் கருத்தாக இருக்க வேண்டும்.

முதலாவது, வண்ணத்தின் மூலப்பொருள். ஆலைகளில் மிஞ்சிய பெயிண்ட் டப்பாக்கள் பழைய சாமான் கடை வழியே வீடுகளுக்கு வந்து, தண்ணீர் வாளிகளாகவும் பிள்ளைகளின் விளையாட்டுப் பொருள்களாகவும் ஆவதை நான் கண்டிருக்கிறேன். இரும்பு துருப்பிடிக்காமல் இருக்கப் பூசும் ‘ரெட் லெட்’ என்ற செந்நிறப் பூச்சு ஈயத்தின் ஆக்சைடு. பளிச்சென்ற குரோம் மஞ்சள் ஈயக் குரோமேட். குழந்தையின் மூளை வளர்ச்சிக்கு ஈயம் கேடு. எவ்வளவு குறைந்தாலும் தீங்கற்ற அளவு என்று ஒன்று இல்லை என்பதே உலக நலவாழ்வு நிறுவனத்தின் நிலை. இந்திய அரசு 2016-இல் வகுத்து 2017 நவம்பரில் நடைமுறைக்கு வந்த விதிகளின்படி, வீட்டுப் பூச்சுகளிலும் அலங்காரப் பூச்சுகளிலும் ஈயம் பத்து லட்சம் பங்கில் 90 பங்குக்கு மேல் இருத்தல் ஆகாது. அவ்விதிகள் ஆலைப் பூச்சுகளுக்கானவை அல்ல. ஆகவே ‘இலவசமாகக் கிடைக்கிறதே’ என்று அந்த மிச்சப் பூச்சைக் குழந்தையின் கையில் கொடுத்தல் கூடவே கூடாது. மாணவருக்கென விற்கும் நீர்வண்ணத்தையே வாங்குக. வாங்க இயலாவிடில் காவிக்கல்லும், அடுப்புக்கரியும், மஞ்சள்தூளும், கருவேலம் பிசின் கரைத்த நீரும் போதும். சித்தன்னவாசல் ஓவியர்களும் மண்ணின் சிவப்பு, மஞ்சளையும் கரியையும் சுண்ணாம்பையும் பயன்படுத்தினார்கள். எதுவாயினும் வகுப்பு முடிந்ததும் கை கழுவுதல் வேண்டும்.

இரண்டாவது, நிறக்குருடு. சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய இயலாத குழந்தைகள் சிலர் எந்த வகுப்பிலும் இருக்கக்கூடும். வேதியியலறிஞர் ஜான் டால்டன் 1794-இல் தமக்கே இருந்த இக்குறையை விளக்கி எழுதினார். இதற்குரிய மரபணு எக்ஸ் நிறப்புரியில் உள்ளதால் இது பெண் பிள்ளைகளைவிட ஆண் பிள்ளைகளிடமே மிகுதி. இலைக்குப் பழுப்பு பூசிய சிறுவனைக் கடிந்துகொள்ளுமுன் இதை எண்ணுக. அவனுடைய பெற்றோருக்கும் பக்குவமாகச் சொல்லுக. தொழிற்சாலைகளில் குழாய்களுக்கு நிறமே மொழி. இந்தியத் தர முறைப்படி நீருக்குக் கடற்பச்சை, காற்றுக்கு வான்நீலம், எரிவாயு முதலிய வாயுக்களுக்கு மஞ்சள். நாளை அவன் அங்கே வேலைக்குச் செல்லும்போது, தன் கண்ணைத் தான் அறிந்திருப்பது உயிர்காக்கும் அறிவாகும்.

நாம் செய்யக் கூடியது

அலெக்சாண்டர் ஹன்டர் என்ற மருத்துவர் 1850-இல் தொடங்கிய கலைப்பள்ளி இன்று சென்னையில் அரசு கவின் கலைக் கல்லூரியாக விளங்குகிறது. அங்கே பயின்ற ஓவியர்களை ஊர்தோறும் அழைத்து வருதல் நம்மால் ஆகாது. தொடக்கப் பள்ளிகளில் ஓவியத்துக்கெனத் தனி ஆசிரியர் இருப்பதும் அரிது. ஆனால் இந்தப் பாடத்துக்கு ஓவியர் தேவையில்லை. ஒளியைப் பற்றி இயற்பியல் மாணவரும், சுண்ணாம்பையும் மஞ்சளையும் பற்றி வேதியியல் மாணவரும், சாயவேரையும் அவுரியையும் பற்றித் தாவரவியல் மாணவரும், கெல்ட்ரியாவைப் பற்றி வரலாற்று மாணவரும், மாமையைப் பற்றித் தமிழ் மாணவரும் சொல்லலாம். ஒரு கல்லூரியின் துறைகள் எல்லாம் ஒரு மாலை வகுப்பில் கூடுவதற்கு வண்ணத்தைவிடச் சிறந்த பொருள் வேறு உண்டோ?

ஆகவே, அடுத்த முகாமுக்குச் செல்லும் நண்பர்களுக்கும், அதை நடத்தும் பேராசிரியப் பெருமக்களுக்கும் என் வேண்டுகோள் இது. நான்கு குப்பிகளைக் கையில் எடுத்துச் செல்லுங்கள். நிறத்தின் பெயரைக் கேட்காமல், அதை ஆக்கிக் காட்டும்படி கேளுங்கள். மூன்று வண்ணங்களைக் கலக்கத் தெரிந்த குழந்தை தன் ஊரையும் தன் முகத்தையும் உள்ளபடி வரையும். அதற்குப் பிறகு அதன் கையில் பன்னிரண்டு வண்ணப் பெட்டி இருந்தாலும் குறையில்லை, இல்லாவிட்டாலும் குறையில்லை.